ரத்தம் பதினேழு: பலமா, புகையா?

வாசகர் கேள்வி:

ஆத்தங்குடிப் பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறையில் மேஸ்திரியாக இருக்கிறேன். வயது 48. இருபத்து நாலு வயதில் பிடித்துக்கொண்ட சிகரெட், இப்போது நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு. கையில் காசு குறைந்தால் பீடி. போன மாதம் பட்டறையிலேயே முகாம் போட்டு எங்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு ஹீமோகுளோபின் 17.1, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, சதவீதத்தில்) 51, வெள்ளணு 11,600 (அதில் நியூட்ரோபில் வகை 68 சதவீதம்), இஎஸ்ஆர் 6, நல்ல கொழுப்பு 34, டிரைகிளிசரைடு 212, கிரியேட்டினின் 1.1. விரலில் மாட்டிப் பார்த்ததில் ஆக்சிஜன் 98. அன்று காலை டீயும் இரண்டு இட்லியும் சாப்பிட்டிருந்தேன். என்னோடு வேலை செய்யும் 26 வயதுத் தம்பி புகைப்பதில்லை. அவனுக்கு ஹீமோகுளோபின் 14.8, வெள்ளணு 6,900, இஎஸ்ஆர் 4. பீடியை விட்டு ஆறு வருடமான 58 வயது அண்ணனுக்கு ஹீமோகுளோபின் 13.9, இஎஸ்ஆர் 24. கிரியேட்டினின் மூன்று பேருக்கும் 1.1 தான்.

எனக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. ‘ரத்தம் பதினேழு இருக்கு, உனக்கென்ன குறை’ என்கிறார்கள். மருந்துக் கடையில் சீட்டைக் காட்டினால், வெள்ளணு கூடியிருக்கிறது, உள்ளே கிருமி இருக்கும் என்று ஐந்து நாள் மாத்திரை கட்டிக் கொடுத்தார்கள். இன்னும் சாப்பிடவில்லை. ‘வயசானா எல்லாம் ஏறும் இறங்கும்’ என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்:

முதலில் அந்த மாத்திரையை ஓரமாக வையுங்கள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, புண் இல்லை, சிறுநீர் எரிச்சல் இல்லை என்றால் 11,600 என்ற ஒற்றை எண்ணுக்காக ஆண்டிபயாட்டிக் சாப்பிடக் கூடாது. அடுத்தது, பதினேழு என்பது உங்கள் விஷயத்தில் பலத்தின் அடையாளம் அல்ல. உடம்பு மூச்சுக்குத் திணறி, அதற்கு ஈடுகட்டுவதன் அடையாளம். வயதைப் பொறுத்தவரை, உங்கள் தாளில் வயது விளக்குவது மிகக் கொஞ்சம். 58 வயது அண்ணனின் தாளில்தான் அது வேலை செய்திருக்கிறது.

ஹீமோகுளோபினிலிருந்து தொடங்குவோம். புகையிலை எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு, நுரையீரல் வழியாக ரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜன் பற்றுவதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமான பிடி அது. புகைக்காதவர் ரத்தத்தில் இப்படிப் பிடிபட்ட ஹீமோகுளோபின் ஒன்று, ஒன்றரை சதவீதத்தைத் தாண்டுவது அரிது. தினமும் புகைப்பவருக்கு 3 முதல் 8 சதவீதம் வரை இருக்கும், நிறையப் புகைப்பவருக்கு 10-ஐயும் தாண்டும். அந்தப் பங்கு ஆக்சிஜனைச் சுமக்காது. போதாததற்கு, மிச்சமிருக்கும் ஹீமோகுளோபினும் தான் சுமக்கும் ஆக்சிஜனைத் திசுக்களிடம் எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆக்சிஜன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. எலும்பு மஜ்ஜை கூடுதலாகச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது. புகைப்பவர்களுக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும் சற்றுச் சுருங்குவதால் சாறு குறைந்து சக்கை கூடியதுபோல் ரத்தம் அடர்த்தியாகிறது. கூடுதலாகச் சுமை தூக்க ஆள் வைத்துவிட்டு, அவர்களில் சிலரின் கையைக் கட்டிப்போட்டது போன்ற நிலை. ஆள் கணக்கு கூடும், நடக்கும் வேலை கூடாது.

ஆக்சிஜன் 98 என்று விரல் கருவி காட்டியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சாதாரண பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் ‘சிவப்பு’ என்றே எடுத்துக்கொண்டு நல்ல எண்ணைக் காட்டிவிடும். புகைப்பவர் அதைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். மூச்சில் ஊதிப் பார்க்கும் கார்பன் மோனாக்சைடு கருவி, புகைவிடு மையங்கள் சிலவற்றில் உண்டு. உண்மையைச் சொல்வது அதுதான்.

புகை மட்டுமே உங்கள் எண்ணை 17.1 வரை ஏற்றியிருக்குமா? இந்தக் கேள்வியைத்தான் பலரும் கேட்காமல் விடுகிறார்கள். ரத்தசோகையைக் கணக்கிடும்போது புகைப்பவரின் ஹீமோகுளோபினிலிருந்து கழிப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவு சொல்கிறது. நாளைக்குப் பத்துக்குக் கீழே புகைத்தால் 0.3 கிராம், பத்து முதல் பத்தொன்பது வரை 0.5, இருபதும் அதற்கு மேலும் என்றால் 0.6. உங்களுக்கு அரை கிராமைக் கழித்தால் 16.6. அப்போதும் கொஞ்சம் உயரம்தான். இது சராசரிக் கணக்கு, சிலருக்குப் புகையின் தாக்கம் இதைவிடக் கூடுதலாக இருக்கும். பீடி குடிக்கிற நாட்களும் உங்களுக்கு உண்டு. பீடியில் தூள் குறைவு என்பதால் தீங்கும் குறைவு என்று நினைப்பது தவறு. அதன் இலை காற்றை எளிதில் உள்ளே விடாது, அடிக்கடி அணைந்தும் போகும். அணையாமல் இருக்க அழுத்தி, அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒரு பீடியிலிருந்து உள்ளே போகும் கார்பன் மோனாக்சைடு சிகரெட்டைவிடக் கூடுதல்.

ரத்தம் எடுத்த விதமும் எண்ணை ஏற்றும். பட்டறை முகாமில் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொருவராக உட்காரவைத்து உடனே ஊசி குத்துவதுதான் வழக்கம். மனிதன் கால் மணி நேரம் நின்றாலே ரத்தத்தின் நீர், குழாய்களை விட்டுத் திசுக்களுக்குள் கசியும். ஹீமோகுளோபின், புரதம், கொழுப்பு எல்லாமே 5 முதல் 10 சதவீதம் கூடுதலாகத் தெரியும். சித்திரை, வைகாசி வெயிலில் தளத்தில் வேலை பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் வந்திருந்தால் இன்னும் ஏறும். கையில் கட்டும் ரப்பர்ப் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைத்தாலும் இதே கதை. ஆக, உங்கள் 17.1-இல் புகையும் இருக்கிறது, வியர்வையும் இருக்கிறது, நின்ற வரிசையும் இருக்கிறது. இவற்றைப் பிரிக்க ஒரே வழி, ஒழுங்காகத் தயாராகி இன்னொரு முறை ரத்தம் கொடுப்பது. (இயந்திரம் தவறாகக் காட்டியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பிசிவியைப் பாருங்கள். அது ஹீமோகுளோபினின் ஏறத்தாழ மூன்று மடங்காக இருக்க வேண்டும். 17.1-க்கு 51 சரியாகவே பொருந்துகிறது.)

அந்த இரண்டாவது தாளிலும் ஹீமோகுளோபின் 16.5-க்கு மேலோ பிசிவி 49-க்கு மேலோ நின்றால், ‘சிகரெட்டால்தான்’ என்று தள்ளிவிட வேண்டாம். ஆண்களுக்கு இந்த எல்லையைத் தாண்டினால், மஜ்ஜை தன்னிச்சையாகச் சிவப்பணுக்களைப் பெருக்கும் பாலிசைத்தீமியா வேரா என்ற நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வது முறை. எரித்ரோபொய்ட்டின் அளவும், ஜேஏகே2 என்ற மரபணுப் பரிசோதனையும் அதற்கு உதவும். சூடான தண்ணீரில் குளித்தபின் உடம்பெல்லாம் அரிப்பு, விடாத தலைவலி, உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து எரிதல், இடது விலாவுக்குக் கீழ் கனம் ஆகியவை அந்த நோய் தரும் துப்புகள். அப்படி ஒன்றும் இல்லாமல், உங்கள் வீட்டில் ‘ராத்திரி குறட்டை தாங்க முடியல, நடுவுல மூச்சு நிக்குது’ என்று சொல்கிறார்களானால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் ஹீமோகுளோபினை ஏற்றும். ‘ரத்தம் கூடியிருக்கு, தானம் கொடுத்தா சரியாயிடும்’ என்ற யோசனையையும் யாராவது சொல்வார்கள். தானம் நல்ல காரியம்தான், ஆனால் கார்பன் மோனாக்சைடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும்போது அது மருந்தாகாது.

இதற்கு நேர் எதிரான ஓர் ஆபத்தும் உண்டு. புகைப்பவருக்கு ஹீமோகுளோபின் 13.2 இருந்தால், எல்லை தாண்டியதைக் காட்டும் நட்சத்திரக் குறி தாளில் விழாது. அதிலிருந்து அரை கிராமைக் கழித்தால் 12.7. ஆண்களுக்கு 13-க்குக் கீழே ரத்தசோகை. மூலத்திலோ வயிற்றுப் புண்ணிலோ ரத்தம் கசிந்துகொண்டிருப்பதைப் புகை மூடி மறைத்துவிடுகிறது. உங்கள் பட்டறையில் புகைக்கும் மற்றவர்கள் தாளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

இனி வெள்ளணு. 4,000 முதல் 11,000 வரை என்று தாளில் அச்சிட்டிருப்பார்கள். புகைப்பவர்களுக்குச் சராசரியாக ஆயிரம், இரண்டாயிரம் கூடுதலாக இருப்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். காரணம் இரண்டு. மூச்சுக்குழாய்ச் சுவர் நாள்தோறும் புகையால் புண்பட்டு, அந்த அழற்சி மஜ்ஜைக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதோடு, ரத்தத்தில் ஓடும் நியூட்ரோபில்களுக்குச் சமமாக இன்னொரு கூட்டம் குழாய்ச் சுவரை ஒட்டி நிற்கும். நிக்கோட்டின் கிளப்பும் அட்ரினலின் அவற்றையும் ஓட்டத்தில் இறக்கிவிடும். ஊசி போடுவதற்குச் சற்று முன் ஒரு சிகரெட் பிடித்திருந்தால் அதுவும் எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும். உங்கள் நியூட்ரோபில் 68 சதவீதம் என்பதால் கணக்கில் 7,900 அளவுக்கு வருகிறது. வழக்கமான மேல் எல்லை 7,000. கூடுதல்தான், ஆனால் புகைக்குப் பொருந்தும் கூடுதல்.

எப்போது பொருந்தாது? மறு பரிசோதனையில் இன்னும் ஏறியிருந்தாலோ, பேசோஃபில் என்ற வெள்ளணு வகை கூடியிருந்தாலோ, முதிராத அணுக்கள் தெரிகின்றன என்று எழுதியிருந்தாலோ, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு நாலரை லட்சத்தைத் தாண்டினாலோ, எடை தானாகக் குறைந்தாலோ பொருந்தாது. அப்போது கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் நோயியல் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். ‘பெரிஃபெரல் ஸ்மியர்’ என்று கேளுங்கள். இயந்திரம் எண்ணும், ஆனால் அணுவின் முகத்தைப் பார்க்காது.

அந்த ஐந்து நாள் மாத்திரையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகைப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு கூடுதல். சிமெண்ட்டும் மணலும் சலிக்கிற இடத்தில் வேலை செய்பவருக்கு மண்துகளில் உள்ள சிலிக்காவால் அந்த ஆபத்து மேலும் ஏறும். சில ஆண்டிபயாட்டிக்குகள் காசநோயைக் குணமாக்காமல் தற்காலிகமாக அமுக்கி வைக்கும். நோய் பிடிபடாமல் மாதங்கள் ஓடிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இலவசம்தான்.

இஎஸ்ஆர் 6 என்றதும் நிம்மதி அடைந்திருப்பீர்கள். அங்கேதான் நான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். இஎஸ்ஆர் என்பது, நிற்கவைத்த குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்ற கணக்கு. சிவப்பணுக்கள் குறைவாக இருந்தால் வேகமாக இறங்கும், நெருக்கமாக இருந்தால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மெல்ல இறங்கும். பிசிவி 51 உள்ளவருக்கு உள்ளே அழற்சி இருந்தாலும் இஎஸ்ஆர் குறைவாகவே காட்டும். புகை, ஃபைப்ரினோஜன் என்ற உறைபுரதத்தைக் கூட்டி இஎஸ்ஆரை ஏற்றப் பார்க்கிறது. அதே புகை சிவப்பணுக்களைக் கூட்டி அதை இறக்கவும் செய்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல எண் கிடைக்கிறது, அவ்வளவுதான். அழற்சியைப் பார்க்க வேண்டுமானால் சிஆர்பி பரிசோதனை மேல். அதைச் சிவப்பணுக்களின் நெரிசல் குழப்பாது. புகைப்பவருக்கு அது இலேசாகக் கூடியிருப்பது வழக்கம், 10-க்கு மேல் போனால் வேறு காரணம் தேட வேண்டும்.

58 வயது அண்ணனின் இஎஸ்ஆர் 24 என்பதைப் பார்த்து யாரும் பயமுறுத்தியிருந்தால், அவரிடம் இதைச் சொல்லுங்கள்: ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி. இதுதான் மருத்துவர்கள் கையாளும் எளிய மேல் எல்லை. 58-இல் பாதி 29. அவருடைய 24 அதற்குள் அடங்குகிறது. வயது ஆக ஆக ஃபைப்ரினோஜன் கூடுவது இதற்கு முக்கியக் காரணம். ஆய்வுக்கூடம் 20 வயதுக்காரருக்கும் 70 வயதுக்காரருக்கும் ஒரே எல்லையை அச்சடித்துக் கொடுப்பதால் வரும் வீண் பயம் இது.

அவருடைய ஹீமோகுளோபின் 13.9-உம் நல்ல எண்தான். பீடியை விட்டு ஆறு வருடமானதால் அதில் புகை போட்ட பூச்சு இல்லை. ஆனால் என்றைக்காவது அது 13-க்குக் கீழே போனால் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடக் கூடாது. வயது முதிர்ந்தால் ஹீமோகுளோபின் சற்றுக் குறையும், அது அறுபது, அறுபத்தைந்துக்குப் பிறகு மிக மெதுவாக நடப்பது. ஆணுக்கு ரத்தசோகை என்றால் எங்கோ கசிவோ, சத்துக் குறைவோ, கொக்கிப்புழுவோ, சிறுநீரகக் கோளாறோ, சில வேளை குடல் புற்றோ இருக்கும். தேடித்தான் பார்க்க வேண்டும். வயது என்ற பதிலை மருத்துவர் கடைசியில் சொல்லலாம், முதலில் சொல்லக் கூடாது.

மூன்று பேருக்கும் கிரியேட்டினின் 1.1 என்றீர்களே, வயதின் வேலை அங்கேதான் துல்லியமாகத் தெரிகிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. வயது ஏறும்போது தசை குறைவதால் கழிவும் குறையும், கூடவே சிறுநீரகம் வடிகட்டும் திறனும் குறையும். இரண்டும் சேர்ந்து குறைவதால் எண் அசையாமல் நிற்கும். இப்போது வழக்கத்தில் உள்ள 2021-ஆம் ஆண்டின் சூத்திரத்தில் வயதைப் போட்டுக் கணக்கிட்டால், அதே 1.1-க்குத் தம்பியின் சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 95 மில்லி, உங்களுடையது 83, அண்ணனுடையது 78. நாற்பதுக்குப் பின் ஆண்டுக்கு ஒரு மில்லிக்குச் சற்றுக் குறைவாக இறங்குவது இயல்பு. மூவரும் பத்திரமான எல்லையில்தான் இருக்கிறீர்கள். இந்த வடிகட்டும் திறனுக்குத்தான் இஜிஎஃப்ஆர் என்று பெயர். அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் ‘இஜிஎஃப்ஆர் போட்டுக் கொடுங்கள்’ என்று கேளுங்கள், சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் பாருங்கள். புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றும் சிறுநீரகத்தைத் தொடும்போது முதலில் அங்கேதான் தெரியும். முதல் நாள் இரவு கறிக்குழம்பும் சுக்காவும் பலமாகச் சாப்பிட்டிருந்தாலும் மறுநாள் கிரியேட்டினின் சற்று ஏறும் என்பதால், விருந்துக்கு மறுநாள் ரத்தம் கொடுக்காதீர்கள்.

கொழுப்புக் கணக்கில் இரண்டு எண்களை வேறு வேறாகப் பாருங்கள். டிரைகிளிசரைடு 212 என்பது டீயும் இட்லியும் சாப்பிட்டபின் எடுத்தது, அதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் 20 சதவீதம் ஏறி இறங்குகிற எண் அது. நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்டிஎல் அப்படியல்ல. காலைச் சாப்பாடு அதைப் பெரிதாக அசைக்காது. ஆண்களுக்கு 40-க்கு மேல் இருக்க வேண்டியது உங்களுக்கு 34. புகை ஹெச்டிஎல்லைக் குறைக்கும், விட்டவர்களுக்குச் சில வாரங்களிலேயே ஏறத் தொடங்கிச் சராசரியாக மூன்று நான்கு மில்லிகிராம் கூடும். வயது உங்கள் ஹெச்டிஎல்லை இந்த அளவுக்கு இறக்காது. ஆண்களுக்கு வயதோடு ஏறுவது கெட்ட கொழுப்பு, ஐம்பதுகள் வரை. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் அது ஏறும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பத்து ஆண்டுக்கு ஒன்று இரண்டு மில்லிகிராம் என்ற கணக்கில் மெல்ல ஏறும். மொத்த வெள்ளணு, சோடியம், பொட்டாசியம் எல்லாம் நலமாக இருப்பவருக்கு வயதால் பெரிதாக மாறாது. ஆகவே ‘வயசானா வெள்ளணு கூடும்’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

‘முழு உடல் பரிசோதனை’ என்று தள்ளுபடியில் விற்கும் தொகுப்புகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். அவற்றில் சிலவற்றில் சிஇஏ என்ற புற்றுநோய்க் குறிப்பானும் சேர்ந்திருக்கும். புகைக்காதவருக்கு 3 வரை என்றால் புகைப்பவருக்கு 5 வரை இயல்பு. இதைச் சொல்லாமல் 4.4-க்கு நட்சத்திரம் போட்டுக் கொடுத்துவிட்டால் வீடே கலங்கிப்போகும். குறிப்பு எல்லை என்பது நலமாக இருக்கும் நூறு பேரில் 95 பேரை உள்ளடக்கும் வேலி, ஐந்து பேர் நலமாகவே வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத இருபது பரிசோதனை செய்தால், நலமாக இருக்கும் ஒருவருக்கு ஒன்றாவது எல்லை தாண்டும் வாய்ப்பு 64 சதவீதம். நட்சத்திரத்தைக் கண்டு பயப்படுவதைவிட, உங்கள் பழைய தாளோடு புதிய தாளை ஒப்பிடுவது பயன் தரும்.

மறு பரிசோதனைக்கு இப்படித் தயாராகுங்கள். மூன்று வாரம் கழித்து, சளி காய்ச்சல் இல்லாத ஒரு காலையைத் தேர்ந்தெடுங்கள். முந்தின மூன்று நாள் மது வேண்டாம். முந்தின நாள் டைல்ஸ் அடுக்குவது, மூட்டை தூக்குவது போன்ற கடும் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். தசை நொந்தால் ஏஎஸ்டி என்ற என்சைம் ஏறி, கல்லீரல் கெட்டதுபோல் காட்டும். இரவு எட்டரைக்குள் எளிதாகச் சாப்பிட்டுவிட்டு, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு. வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். எழுந்ததும் இரண்டு டம்ளர். காலை சிகரெட் கூடாது. முழுதாக முடியாவிட்டாலும் ஊசிக்கு முந்தின ஒரு மணி நேரமாவது தொடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தபின் கையை நீட்டுங்கள். கை விரல்களை மடக்கி மடக்கி விரிக்க வேண்டாம், பொட்டாசியம் பொய்யாக ஏறும். ஊதா மூடிக் குழாயை எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் நுண்ணிய கட்டிகள் விழுந்து தட்டணு குறைவாகத் தெரியும். சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய்தான் சரி. சாதாரணக் குழாயில் எடுத்து வண்டியில் வெயிலில் போனால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை தானாகக் குறையும். ஊர்க்கோடியில் எடுத்த ரத்தம் மதியம்தான் காரைக்குடிக்கோ மதுரைக்கோ போகிறது என்றால், நேராக ஆய்வுக்கூடத்துக்கே போய்க் கொடுத்துவிடுவது நல்லது.

தாளின் மூலையில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: நாளைக்கு எத்தனை, சிகரெட்டா பீடியா, கடைசியாகப் பிடித்தது எத்தனை மணிக்கு. மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்கள் காட்டுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவரானால் அதையும் எழுதுங்கள். எரியாத புகையிலையில் கார்பன் மோனாக்சைடு இல்லாததால் ஹீமோகுளோபின் ஏறாது, அந்தத் தாள் சுத்தமாகத் தெரியும், வாய்க்குள் புற்று வளர்வதை அது காட்டாது. வாயைத் திறந்து கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பட்டறைத் தூசு நுரையீரலில் படிவதும் ரத்தத்தில் தெரியாது. அதற்கு மார்பு எக்ஸ்ரேயும், குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் வேண்டும். உங்கள் தாள் முழுக்க இயல்பு என்று வந்திருந்தாலும் புகைக்கும் உடம்புக்கு அது நற்சான்றிதழ் ஆகாது.

வீட்டில் விறகடுப்பில் சமைப்பவர்களுக்கும், கல்யாண வீடுகளில் பெரிய அடுப்புக்கு முன் மணிக்கணக்கில் நிற்கும் சமையல்காரர்களுக்கும் இந்தக் கார்பன் மோனாக்சைடு கணக்கு பொருந்தும். வாழ்நாளில் ஒரு பீடி தொடாதவருக்கு ஹீமோகுளோபின் சற்று ஏறியிருந்தால் அடுப்பைப் பற்றிக் கேட்க வேண்டும்.

நீங்கள் புகையை விட்டால் இந்த எண்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் திரும்பும். கார்பன் மோனாக்சைடு நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகி, ஒன்றிரண்டு நாளில் போய்விடும். சுருங்கிய பிளாஸ்மா சில நாட்களில் நிரம்பும். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால், ஹீமோகுளோபின் தன் உண்மையான இடத்துக்கு வர மூன்று நான்கு மாதம் ஆகும். அப்போது 17.1 என்பது 15 பக்கம் வந்தால் ‘ரத்தம் குறைஞ்சுபோச்சு’ என்று பதறி இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுவிடாதீர்கள். அதுதான் உங்கள் சொந்த எண். வெள்ளணு சில வாரங்களில் தெளிவாக இறங்கும், முழுதும் இறங்க ஆண்டுகள் பிடிக்கலாம். ஃபைப்ரினோஜனும் அப்படியே. முதல் வருடத்தில் நாலைந்து கிலோ எடை கூடி, சர்க்கரை இலேசாக ஏறுவதும் உண்டு. அதற்காக மறுபடி பற்றவைக்க வேண்டியதில்லை, இரவுச் சோற்றைக் குறைத்து நடையைக் கூட்டுங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவர் புகையை விடும்போது மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். புகை அந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும், புகை நின்றதும் அதே அளவு மருந்து உடம்பில் தேங்கிப் படபடப்பும் வாந்தியும் வரும்.

விடுவதற்கு உதவி வேண்டுமானால் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை ஒழிப்பு உதவி எண் கட்டணமில்லாதது. நிக்கோட்டின் சூயிங்கம் எடுப்பதானால், எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம், அதற்குப் பிறகு பிடிப்பவருக்கு 2 மில்லிகிராம். மிட்டாய்போல் மென்று விழுங்கக் கூடாது. காரம் தெரிகிறவரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும், அரை மணி நேரத்துக்கு. அதற்குக் கால் மணி முன்பிருந்து டீ, காப்பி கூடாது. சூயிங்கத்தில் கார்பன் மோனாக்சைடு இல்லை என்பதால் மறு பரிசோதனையில் ஹீமோகுளோபின் கணக்கைக் கெடுக்காது.

மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னது, உடம்பில் தொந்தரவு இல்லை என்று நீங்கள் எழுதியதால். இடையில் மார்பில் அழுத்தம், ஒரு பக்கக் கை காலில் பலவீனம், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அன்றே, அந்த நேரமே 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ சளியில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.